குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியது

நைனா,

நேற்று அரிசி ட்ரம்முக்கு அடியிலிருந்து உன் நோட்டை உருவினேன். திறந்த உடனே கடலைத்தோல் கருகின வாசனை மூக்கில் ஏறியது. உன் சட்டைகளை அம்மா நாலு தடவை துவைத்துவிட்டாள், அவற்றில் நீ இல்லை. இந்த இரண்டு குயர் நோட்டுக்குள் மட்டும் புகையாகக் குடித்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறாய். ட்ரம் ஆடுகிறது என்று நீதான் இதை முட்டுக் கொடுத்தாயாம், அம்மா சொன்னாள். ஒரு பன்னாட்டு ஆராய்ச்சியின் ஆதாரம் நம் வீட்டில் அரிசிக்கு முட்டு. இந்த மாதிரி ஒன்று கிடைத்தால் நீயும் நானும் ஒரு வாரம் வைத்துச் சிரிப்போம். தனியாகச் சிரித்துப் பார்த்தேன். வரவில்லை.

நேற்று அந்த ஸ்வீடன் ஆராய்ச்சிக்காரி இங்க்ரிட் வந்திருந்தாள். கூட உன் பாய்லர் ஜோடி ஏழுமலை அண்ணன். இந்த நோட்டு வேண்டும் என்று வந்தார்கள். உன்னை வேண்டாம் என்றவர்களுக்கு உன் கிறுக்கல் வேண்டுமாம். வந்த இடத்தில், இத்தனை நாள் எனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைப் பற்றி உன்னிடம் கேட்கத்தான் எழுதுகிறேன். பதில் வராது என்று தெரியும். நீ இருந்தபோதே கேள்விக்குப் பதில் சொன்ன ஆள் இல்லை, எதிர்க்கேள்விதான் கேட்பாய்.

போன வருஷம் ஆயுத பூஜையன்று எங்களை உன் கம்பெனிக்குக் கூட்டிப் போனாய். அந்த ஒரு நாள்தான் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் குடும்பங்களை கேட்டுக்கு உள்ளே விடுவார்கள். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் பொரிகடலைக்கு மதம் கிடையாது என்பது உன் கொள்கை. ரப்பர் கம்பெனியின் பாய்லருக்குப் பட்டையாகச் சந்தனம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, மேலே ஒரு பேனர்: நீடித்த எரிசக்திக்கான பன்னாட்டுக் கூட்டாய்வு. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஸ்வீடனில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆறடி உயரத்தில் இங்க்ரிட். அவள் முனைவர் பட்டத்துக்குச் செய்கிற ஆராய்ச்சியே உன் பாய்லர்தான். ஃபர்னஸ் ஆயிலை நிறுத்திவிட்டு, ஊத்துக்கோட்டைப் பக்கத்து மில்களிலிருந்து வருகிற உமியையும் கடலைத்தோலையும் வாயுவாக்கி எரிக்கிற புது பர்னரைப் பொருத்தியிருந்தார்கள். ஆறு வாரம் ஓட்டி, எப்படி எரிகிறது என்று அளக்க வேண்டும். காலை ஷிப்டில் ஓட்டுவது நீ, மதிய ஷிப்டில் ஏழுமலை அண்ணன்.

இங்க்ரிட்டின் தலையில் யாரோ மல்லிகைச் சரம் வைத்துவிட்டிருந்தார்கள். அது அந்த வழுக்கல் முடியில் நிற்காமல் தோளுக்கு வந்துகொண்டே இருந்தது. பெரியவர்களைப் பார்த்தால் தமிழில் மரியாதையாக என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டாள். கேட்ட இடம் தப்பு. சொல்லிக் கொடுத்தேன். அவள் நேராகப் போய் மேனேஜருக்கு முன்னால் கை கூப்பி, "இன்னா நைனா, சௌக்கியமா?" என்றாள். மேனேஜர் கழுத்து டையைச் சரிசெய்துகொண்டார். நீ பாய்லருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். குலுங்கியது பாய்லர் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் உன் நீலக் கண்ணாடியைக் கொடுத்து, பர்னர் ஓட்டை வழியாக உள்ளே பார்க்கச் சொன்னாய்.

"மஞ்சத் தீ கீதே, அது வாயாடி. சும்மா ஆடிக்கினே இருக்கும். நீலத் தீ பேசாம வேல பாக்கும்."

"நான் இன்னா தீ நைனா?"

"உனக்குக் கண்ணாடியே வாணாம். தெரு முனைலருந்தே தெரியும்."

உங்கள் பாய்லர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கொரு தடவை அழுத்தம், வெப்பம், எவ்வளவு உமி உள்ளே போனது என்று தாளில் எழுத வேண்டும். யாரும் அப்படி எழுதுவதில்லை. காலை டீ வந்ததும் உட்கார்ந்து, ஷிப்ட் முடிகிற வரைக்குமான எண்களை ஒரே மூச்சில் எழுதிவிடுவீர்கள். ஒரு மணிக்கு வரப்போகிற வெப்பம் பத்து மணிக்கே தெரிந்துவிடும். உங்கள் பாஷையில் அதற்குப் பெயர் ஜோசியம். நீயும் பதினெட்டு வருஷம் ஜோசியம் எழுதின ஆள்தான், உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டோம் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

அந்த ஆறு வாரம் மட்டும் நீ எழுதவில்லை. முதல் நாளே இங்க்ரிட் உன்னிடம், எங்கள் கருவி நிமிடத்துக்கு ஒரு தடவைதான் கண் திறக்கும், நடுவில் நடப்பதை உங்கள் கண்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னாளாம். அன்றைக்குத் தட்டுக்கு முன்னால் நீ உட்கார்ந்த தோரணையே வேறு.

"வாலு, நான் இனிமே ஆப்பரேட்டர் இல்ல. கருவி."

"கருவிக்கு ரசமா மோரா?" என்றாள் அம்மா.

"அப்போ ஜோசியம்?" என்று நான் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு கடல் தாண்டி வந்து கீது. அதாண்ட பொய் நம்பர் குடுக்கச் சொல்றியா?"

அன்றிலிருந்துதான் இந்த நோட்டு. பாய்லர் பக்கத்தில் நின்று பார்த்ததை அங்கேயே கிறுக்குவாய். உன் கையெழுத்தைக் கிண்டிய கோழியே வந்தாலும் படிக்க முடியாது என்பதால், சாயங்காலம் அவர்கள் கொடுத்த அச்சுத் தாளில் நான் நகல் எழுதுவேன், நீ கையெழுத்துப் போடுவாய். தாளின் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது.

"ஒண்ணுமில்லன்னா நார்மல்னு எழுது. காலியா வுடக் கூடாதாம்."

நார்மல். நார்மல். நார்மல். மூன்றாம் நாள் எனக்குக் கை அரித்தது. ஒரு கட்டத்தில், "தீ இன்று மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போல அடக்கமாக இருக்கிறது" என்று எழுதினேன். படித்ததும் உனக்கு மோர் புரையேறியது. அழிக்கச் சொல்வாய் என்று ரப்பரைத் தேடினேன். நீ பேனாவைத் தேடினாய், கையெழுத்துப் போட. மறுநாள் பேராசிரியரே சிரித்தாராம். இங்க்ரிட் அர்த்தம் கேட்டு எழுதிக்கொண்டாளாம். எனக்கு அது போதாதா. தீ இன்று தேர்வுக்குப் படிக்காமல் முழிக்கிறது, தீக்குத் திங்கட்கிழமை பிடிக்கவில்லை என்று தினமும் ஒன்று. எல்லாரும் சிரித்தார்கள் நைனா. அந்தத் தாள்கள் அவர்களுக்குத் தேவைப்படுகிற வரைக்கும் சிரித்தார்கள்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போடாத லாரியில் உமி நனைந்து வந்தது. அந்தப் பக்கத்தைத்தான் இப்போது விரித்து வைத்திருக்கிறேன். உன் எழுத்தில்: "11.10 முனகல். சுடர் தூக்குது. உமி ஈரம். சூப்பர்வைசராண்ட சொன்னேன்."

அன்று சாயங்காலம் அது எப்படி இருந்தது என்று காட்ட, காலி பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதினாய். ம்ம்ம் என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் வந்தது.

"இப்டி முனகும். அப்பால ஒரு செகண்டு சும்மா இருக்கும். அந்தச் சும்மாதான் பேஜாரு. தீ பர்னர வுட்டுக் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். வாயு மட்டும் உள்ள போய்க்கினே இருக்கும்."

"ஏதாச்சும் கண்டதத் துன்னுருக்கும்," என்றேன்.

"வெளாடாத. இத கரெக்டா எழுது."

"எழுதறேன் நைனா."

எழுதினேன். "அடுப்புக்கு வயிற்று வலி. ஈர உமி தின்றது செரிக்காமல் முனகுகிறது." நீ அன்றைக்கு நின்று நின்று கால் வீங்கி வந்திருந்தாய். படிக்காமலே கையெழுத்துப் போட்டாய். அந்த வாரம் நாலு தடவை முனகல் வந்தது. நாலு தடவையும் நான் வைத்தியம் எழுதினேன். ஓமத் தண்ணீர் கொடுக்கவும். சுக்குக் கஷாயம் சிபாரிசு செய்யப்படுகிறது. இப்படியே.

ஆறு வாரம் முடிந்தது. பர்னர் வெற்றி என்றார்கள். ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு போட்டோ எடுத்தார்கள். கூட்டாய்வு என்று பேனரில் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். கூட்டில் கறிவேப்பிலையும் உண்டு, சாப்பிடும்போது அது தட்டின் ஓரத்துக்குப் போய்விடும். அவர்கள் விமானம் ஏறினார்கள். நீ ஆறு மணி ஷிப்டுக்குச் சைக்கிள் ஏறினாய்.

டிசம்பர் புயல் மழையில் ஒரு காலை, உன் ஷிப்டில், அதே ஈர உமி. வேண்டாம் என்று நீ சொன்னாயாம், ஸ்டீம் குறையக் கூடாது, போடு என்றாராம் சூப்பர்வைசர். பர்னர் அணைந்து, உள்ளே தேங்கின வாயு பற்றிக்கொண்டு, பாய்லரின் முன்கதவு பெயர்ந்து விழுந்தது. உமி தள்ளிக்கொண்டிருந்த ஒடிசாக்காரர் ஒருவருக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினது நீ. புருவம் கருகி வீட்டுக்கு வந்தாய். உன்னைப் பார்த்து நான், "இன்னா நைனா, பியூட்டி பார்லர் போய்க்கினு வரியா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். எப்படிச் சிரித்தாய் என்று இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

பொங்கலுக்கு முன்னாலேயே நீ பாய்லரில் இல்லை. "சூடு ஒத்துக்கல வாலு. அனலுக்கு ரிட்டையர்மென்ட் குடுத்துட்டேன்," என்றாய். நான் நம்பினேன். ஊரையே ஏமாற்றுகிறவள் என்று பெயர் எடுத்தவளை எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டாய். ஜி.என்.டி. ரோட்டோரம் ஒரு கிடங்கு வாசலில், தகரக் கூண்டுக்குள் வாட்ச்மேனாக உட்கார்ந்தாய்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஒரு நாள் ஃபிரெண்டின் போனிலிருந்து உனக்கு போன் போட்டேன். மூக்கை அடைத்துக்கொண்டு, இங்க்ரிட் பேசுகிற தமிழில், "மிஸ்டர் கருவி, ஸ்வீடனில் இருந்து பேசுகிறேன், உங்கள் உதவி வேண்டும்," என்றேன். நான் எதிர்ப்பக்கத்து பஸ் நிறுத்தத்தில்தான் நின்றிருந்தேன். நீ கூண்டுக்குள் எழுந்து நின்றாய். தொப்பியைக் கழற்றினாய்.

"எஸ் மேடம். நோட்டு பத்திரமா கீது மேடம். எல்லா டைமும் கரெக்டா எழுதிக் கீறேன் மேடம்."

நான் சிரித்துவிட்டேன். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாய். ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்தாய். தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டாய். அப்புறம் நீயும் சிரித்து, "வாலு, உன்ன..." என்று கையை ஓங்கிக் காட்டினாய். என் வாழ்க்கையிலேயே நன்றாக வந்த குறும்பு அதுதான் என்று வகுப்பில் சொல்லித் திரிந்தேன். மே மாதம், அக்னி நட்சத்திரத்து மதியம், அதே கூண்டுக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். பதினெட்டு வருஷம் பாய்லர் செய்யாததை ஒரு தகர டப்பா செய்தது.

நேற்று இங்க்ரிட் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, சுவரில் உன் படத்துக்கு முன்னால் நின்றாள். கை கூப்பினாள். "இன்னா நைனா," என்றாள், மெதுவாக. அது மரியாதைப் பேச்சு இல்லை என்று அவளுக்கு எப்போதோ தெரியும். தெரிந்தேதான் சொன்னாள். அம்மா டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் கட்ட ஆய்வு தொடங்கப் போகிறார்களாம். அவர்கள் ஊர் ஆய்வுக்கூடத்தில் அதே பர்னருக்கு ஈர உமி போட்டால் முனகல் கேட்கிறதாம், அப்புறம் அணைந்துவிடுகிறதாம். அதைக் கேட்டதும் இங்க்ரிட்டுக்கு நான் தாளில் எழுதின வயிற்று வலி ஞாபகம் வந்திருக்கிறது. நிஜமான பாய்லரில் அது எப்போது, எந்த அழுத்தத்தில் வந்தது என்று நின்று பார்த்து எழுதினது நீ ஒரு ஆள்தானாம்.

"உங்கள் கட்டுரையிலேயே இருக்குமே," என்றேன், பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில்.

அவள் தரையைப் பார்த்தாள். "உன் அப்பாவின் தாள்களை எடுத்துவிட்டோம். எண்கள் மேலும் கீழும் குதித்தன. குறிப்புகளெல்லாம் வேடிக்கையாக இருந்தன. நம்ப முடியாது என்று பேராசிரியர் சொன்னார். நீக்கியது நான். நான் எதிர்த்துக் கேட்கவில்லை."

"அப்போ யாருதை வெச்சிங்க?" இது தமிழில் வந்துவிட்டது.

ஏழுமலை அண்ணன் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்துதாம்மா. அத்தினியும் ஜோசியம். ஒரே சீரா இருந்துச்சாம். கவனமா எழுதினதுக்கு நன்றின்னு கடைசிப் பக்கத்துல எம் பேரு போட்டு கீறாங்க."

வெந்து நின்று எழுதின உண்மை தாறுமாறாகக் குதித்ததாம். டீ குடித்துக்கொண்டே எழுதின பொய் நேர்கோட்டில் நடந்ததாம். எரிதலை ஆராய வந்தவர்கள் எரிச்சலை விட்டுப் போனார்கள் என்று நாக்கு நுனியில் ஒரு வசனம் வந்து நின்றது. சொல்லியிருப்பேன். ஏழுமலை அண்ணன் இன்னும் முடிக்கவில்லை.

"வெடிச்சதுக்கு அப்பால விசாரண வெச்சாங்க. மேனேஜர் அந்தத் தாளுங்கள எடுத்து ஒவ்வொண்ணா படிச்சாரு. மாப்ள, வயித்து வலி, சுக்குக் கஷாயம்னு. 'முனகுதுன்னு தெரிஞ்சும் இப்டிதான் எழுதுவியாய்யா? இதான் நீ பாய்லர் பாக்குற லட்சணமா?'ன்னாரு. அது பொண்ணு எழுதினதுன்னு சொல்ல நான் வாயெடுத்தேன். உங்கப்பன் என் கால மிதிச்சான்."

"அவரு இன்னா சொன்னாரு?"

"'எல்லாம் நான் சொல்லி எழுதினது சார். பொழுது போவல, சும்மா ஜாலிக்கு'ன்னான். வெளிய வந்து அவனாண்ட கெஞ்சினேன். நோட்டக் காட்டுடா, நீ ஒழுங்கா எழுதினது அதுல கீதுன்னு. நோட்டக் காட்டினா குறிப்பு யாருதுன்னு தெரிஞ்சிடும்ன்னான். படிக்கிற பொண்ணு, ஆளு கை வெந்த ஃபைல்ல அதும் பேரு ஏற வாணாம்ன்னான்."

ஆப்பரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதி, உன்னை வேலையை விட்டு எடுத்து, அந்த ஃபைலை மூடினார்களாம்.

அந்த அரிசி ட்ரம் ஆடாது நைனா. நோட்டை எடுத்த பிறகு ஆட்டிப் பார்த்தேன். கல்லு மாதிரி நிற்கிறது.

இங்க்ரிட் நோட்டைப் படம் எடுக்க போனை நீட்டினாள். இருங்கள் என்றேன். நோட்டின் பின்னால் இருந்த வெற்றுப் பக்கத்தில் என் முழுப் பெயரையும், படிக்கிற வகுப்பையும் போட்டு எழுதினேன்: "இந்த நோட்டில் உள்ள நேரமும் எண்களும் என் அப்பா நின்று பார்த்து எழுதியவை. முனகலை அவர் முனகல் என்றே எழுதினார். தாளில் இருந்த வேடிக்கைக் குறிப்புகள் நான் எழுதியவை. அவர் சொல்லி எழுதியதில்லை." ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் இந்தப் பக்கத்தைப் படம் எடுங்கள், பேராசிரியருக்கும் மேனேஜருக்கும் அனுப்புங்கள், அப்புறம் மற்றப் பக்கங்கள் என்றேன்.

"உன் பெயர் வெளியே வரும். பரவாயில்லையா?" என்றாள்.

"வரட்டும். அவருடைய பெயர்?"

"கட்டுரையைத் திருத்தி அவர் பெயரைச் சேர்க்க முயற்சி செய்வேன். மற்றவர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்."

முயற்சி. அந்தச் சொல்லுக்கு அவர்கள் மொழியில் என்ன எடை என்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் தெரியும். அங்கேயே நின்று இரண்டு பேருக்கும் அனுப்பினாள். அனுப்பியதைக் காட்டினாள். நோட்டைக் கொடுக்கவில்லை, அது வீட்டிலேயே இருக்கும். வாசலில் செருப்பு மாட்டும்போது ஏழுமலை அண்ணன், "எம் பேர எடுத்துரச் சொல்லும்மா அந்தப் பொண்ணாண்ட," என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். அவர் மேல் எனக்கு இருக்கிற கோபத்தைவிட, அவர் இதை வந்து சொன்னது பெரிது. இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன்.

எல்லார் மேலும் கோபமாக இருக்கிறது. பேராசிரியர் மேல், சிரித்துவிட்டு அதே தாளைப் படித்துக் காட்டின மேனேஜர் மேல், எதிர்த்துக் கேட்காத இங்க்ரிட் மேல். என் மேல் எவ்வளவு என்று எழுதினால் நோட்டு போதாது. உன் மேலும்தான். ஒரு அறை விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். போன் போட்டு மிஸ்டர் கருவி என்று கூப்பிட்டிருக்க மாட்டேன். பதினெட்டு வருஷம் பொய் எண் எழுதினாய், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வாரம் உண்மை எழுதினாய், வேலை போயிற்று. அந்த ஆறு வாரத்துக்கு அப்புறம் விசாரணையில் நீ சொன்ன ஒரே பொய் எனக்காக. நேற்று அதை நான் கோடு போட்டு அடித்துவிட்டேன். நீ திட்டுவாய். திட்டு.

அம்மா உள்ளே அடுப்பைப் பற்றவைக்கிறாள். காது தானாக அங்கே போகிறது. மே மாதத்திலிருந்து இப்படித்தான். டீக்கடை அடுப்பு, போன வாரம் கல்லறைத் திருநாளில் உன் தலைமாட்டில் காற்றுக்குப் படபடத்த மெழுகுவத்தி, எதைப் பார்த்தாலும் முனகுகிறதா, முனகி முடித்து அந்தச் சும்மா வருகிறதா என்று நின்று கேட்கிறேன். நம் வீட்டில் முனகல் இல்லை. அந்தச் சும்மா மட்டும்தான் இருக்கிறது.

நீ எழுதின கடைசிப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருந்தது. எழுதிவிட்டேன். காலை 7.10. வீட்டு அடுப்பு. நீலச் சுடர். முனகல் இல்லை. குறிப்பு: நார்மல்.

ஜோசியம்தான் நைனா.